சமையலறைக் கதவுக்கு நகை போடலாமா?

சமையலறையை முழுசாக மாற்றப் பணம் இல்லை. ஆனால் இருக்கிற அலமாரியைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு கைவைத்தியம் பல நாடுகளில் சொல்லப்படுகிறது: மோல்டிங் ஒட்டுங்கள்! மொட்டையாக இருக்கும் கதவின் மேல் நான்கு மரப்பட்டைகளைச் சட்டம் மாதிரி ஒட்ட வேண்டும். அலமாரியின் தலைமேல், கூரையைத் தொடும் இடத்தில், வளைவு வளைவாக இழைத்த ஒரு பட்டையை ஓட்ட வேண்டும். அடியில் ஒரு சின்னப் பட்டை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயிண்ட். இரண்டு மூன்று வார இறுதிகளில் சாதாரணப் பெட்டி பெரிய இடத்து அலமாரி ஆகிவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நான்கு பட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது. கோயில் கூரை, அமெரிக்காவில் ஒரு மதக்கூட்டம், ஜெர்மனியில் வேலை பார்த்த ஒரு பெண் கட்டடக் கலைஞர், கடைசியில் அப்பளம் பொரித்த எண்ணெய் வரைக்கும் அந்தக் கதை போகிறது. எங்கே சுற்றினாலும் அது வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான். ஒட்டியதை யார் துடைப்பது?

மோல்டிங் எதற்காகப் பிறந்தது?

மோல்டிங் என்றால் அழகுக்கு ஒட்டும் பட்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பிறந்தபோது அழகு இரண்டாவது விஷயம்தான்.

பழைய கிரேக்கக் கோயில்களின் படத்தைப் பார்த்தால், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழட்டும் என்பதற்காக வந்தது அது. அதற்குக் கீழே பல்வரிசை மாதிரி சின்னச் சின்னக் கட்டைகள் இருக்கும். மரத்தில் கட்டிய காலத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கூரைச் சட்டங்களின் முனைகளைத்தான் அவை காட்டுகின்றன என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் 2000 வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். மரம் கல்லாக மாறியது. வேலை போனது, உருவம் மட்டும் தங்கிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள கிரேக்கம் வரைக்கும் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் கொடுங்கை என்று ஒன்று உண்டு. சுவருக்கு மேலே வளைந்து இறங்கும் கல் விளிம்பு. ஓலைக் கூரையின் தாழ்வாரம் எப்படி வளைந்து இறங்குமோ அப்படியே இருக்கும். மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையில் செதுக்கிய திரௌபதி ரதத்தைப் பார்த்தால் அது ஒரு கூரை வேய்ந்த குடிசை மாதிரியேதான் இருக்கும். ஆவுடையார்கோயில் கொடுங்கை இன்னும் ஒரு படி மேலே. கூரைக்கு அடியில் இருக்கும் மரச்சட்டங்களையும் ஆணிகளையும்கூடக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சிலவற்றைத் தவிர எதையும் செய்து தருகிறோம்' என்று எழுதிக் கொடுப்பார்களாம். இப்படி ஒரு பேச்சு இன்றைக்கும் உண்டு.

வெளியே மழைக்காக வந்த விளிம்பு, வீட்டுக்குள்ளே வேறு வேலைக்கு வந்தது. சுவரும் கூரையும் சேரும் கோடு எந்த வீட்டிலும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்காது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதனால் இடைவெளி விழும், விரிசல் தெரியும். அதை மறைக்க மேலே ஒரு பட்டை. தரையைக் கூட்டித் துடைக்கும்போது சுவர் அழுக்காகாமல் இருக்கக் கீழே ஒரு பட்டை. நாற்காலியின் முதுகு சுவரை இடிக்காமல் இருக்க நடுவில் ஒரு பட்டை. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வேலை இருந்தது.

தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சென்னையில் பிளைவுட்டில் அலமாரி செய்யும்போது, பலகையின் ஓரத்தில் அடுக்கு அடுக்காகத் தெரியும். அதன் மேல் மெல்லிய தேக்குப் பட்டையை ஒட்டி இழைத்துவிடுவார்கள். பீடிங் என்று சொல்வார்கள். அது பார்க்க அழகுதான். ஆனால் முதல் வேலை ஓரத்தைக் காப்பது. ஈரம் உள்ளே போகாமல், பிளைவுட்டின் அடுக்கு பிரியாமல், கை பட்டுச் சிம்பு குத்தாமல் அது பார்த்துக்கொள்ளும்.

நகை வேண்டாம் என்றவர்கள் பெயரில் ஒரு நகை

இப்போது கதவுக்கு வருவோம். மொட்டைக் கதவின் நான்கு ஓரத்திலும் பட்டை ஒட்டி, நடுவில் பள்ளம் மாதிரி தெரியச் செய்யும் வடிவத்துக்கு 'ஷேக்கர்' கதவு என்று பெயர். அமெரிக்காவில் சமையலறைக் கதவு என்றாலே இதுதான் என்கிற அளவுக்குப் பரவிய வடிவம். இந்தியாவிலும் மாடுலர் கிச்சன் கடைகளின் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

யார் இந்த ஷேக்கர்கள்? இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அன் லீ என்ற பெண்ணின் தலைமையில் 1774-இல் சிலர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். திருமணம் கிடையாது, சொந்தச் சொத்து கிடையாது, எல்லாரும் சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து உழைக்க வேண்டும். சுத்தம் அவர்களுக்குக் கிட்டத்தட்ட வழிபாடு மாதிரி. தரையைக் கூட்டும்போது இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று நாற்காலிகளைச் சுவரில் இருக்கும் முளைகளில் மாட்டிவிடுவார்கள். அலமாரிகளைச் சுவரோடு சேர்த்துக் கூரை வரைக்கும் கட்டிவிடுவார்கள். மேலே தூசி சேர இடமே இருக்காது. உருண்டையாக இருந்த விளக்குமாற்றைத் தட்டையாக்கியதும் ஷேக்கர்கள்தான் என்று சொல்கிறார்கள்.

இந்த ஷேக்கர்கள் 1845-இல் எழுதிவைத்த விதிகளில் ஒன்று என்ன தெரியுமா? வெறும் அழகுக்காக மட்டும் மோல்டிங்கோ, பீடிங்கோ, விளிம்பு வேலையோ யாரும் செய்யக்கூடாது! மோல்டிங்கை எழுத்திலேயே தடை செய்தவர்கள் அவர்கள். இன்றைக்கு வெறும் அழகுக்காக மட்டும் மோல்டிங் ஒட்டி, அதற்கு அவர்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள் :)

அப்படியானால் ஷேக்கர் கதவில் இருந்த அந்தச் சட்டம் என்ன? அது அழகுக்கு வந்ததில்லை. அகலமான ஒற்றைப் பலகையில் கதவு செய்தால், பருவம் மாறும்போது பலகை குறுக்குவாக்கில் சில மில்லிமீட்டர் விரியும், சுருங்கும். கதவு மூடாது, அல்லது வளையும், அல்லது பிளந்துவிடும். அதற்குத் தச்சர்கள் கண்டுபிடித்த வழி, குறுகலான நான்கு சட்டங்களை இணைத்து, உள்பக்கம் காடி எடுத்து, அதற்குள் நடுப்பலகையைப் பசை போடாமல் சொருகுவது. நடுப்பலகை உள்ளேயே விரியும், சுருங்கும். வெளிச்சட்டம் அளவு மாறாமல் நிற்கும். பழைய தமிழ்நாட்டு வீடுகளின் கதவுகளிலும் இதே சட்டமும் பலகையும்தான். ஷேக்கர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இதன் மேல் இருந்த அலங்காரத்தை எடுத்துவிட்டு வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்றைய மொட்டைக் கதவு பிளைவுட்டாலோ எம்.டி.எஃப். பலகையாலோ ஆனது. அது அப்படி விரிந்து சுருங்காது. அதன் மேல் ஒட்டும் சட்டத்துக்கு எந்த வேலையும் இல்லை. அது ஒரு படம் மட்டும்தான், சட்டம் போட்ட கதவின் படம்.

படம் மாட்டுவது தப்பா? தப்பில்லை. ஆனால் அது படம் என்று தெரிந்து மாட்டுவது நல்லது.

மொட்டைக் கதவு எப்படி வந்தது?

சமையலறைக் கதவு மொட்டையாக இருப்பதைப் பலரும் கஞ்சத்தனத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். கட்டியவர் காசை மிச்சம் பிடித்திருக்கிறார் என்று பேச்சு. பல அடுக்குமாடிகளில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த மொட்டைத்தனத்துக்கு ஒரு மரியாதையான வரலாறு இருக்கிறது.

வியன்னாவில் அடால்ஃப் லூஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். 1910-ஐ ஒட்டிய வருடங்களில் 'அலங்காரமும் குற்றமும்' என்ற அவருடைய பேச்சு பெரிய சண்டையைக் கிளப்பியது. அவர் வைத்த வாதங்களில் ஒன்று உழைப்பைப் பற்றியது. அலங்காரம் செய்யத் தொழிலாளியின் நேரம் வீணாகிறது, அந்த நேரத்துக்கு அவனுக்குச் சரியான கூலியும் கிடைப்பதில்லை என்றார். (அதே கட்டுரையில் வேறு மக்களைப் பற்றி அவர் எழுதியவை இன்றைக்குப் படிக்க முகம் சுளிக்க வைக்கும். அது தனிக்கதை.)

லூஸோடு 1920-களின் தொடக்கத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர்களில் ஒருவர் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி. 1897-இல் பிறந்தவர். முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்க்ஃபர்ட் நகரம் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடு கட்டியது. அந்த வீடுகளுக்குச் சமையலறை வடிவமைக்கும் வேலை இவரிடம் வந்தது. 1926-இல் அவர் வரைந்ததுதான் 'ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை'. ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறை எப்படிக் கையெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்குமோ, அதை அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் ஒரு வேலைக்கு எத்தனை வினாடி ஆகிறது, எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று அளப்பதுபோலச் சமையல் வேலையையும் அளந்தார்கள். அரிசி, சர்க்கரை, மாவு எல்லாவற்றுக்கும் தனித்தனி இழுப்பறை. மட்டமான கதவுகள். சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை பொருத்தப்பட்டது.

இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி அதுதான். அதன் நோக்கம் காசை மிச்சம் பிடிப்பது மட்டும் இல்லை. பெண்களின் நேரத்தை மிச்சம் பிடிப்பதும்தான். நாள் முழுக்கத் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்துவிட்டு வரும் பெண்ணுக்கு அடுப்படியில் மறுபடி ஒரு நாள் வேலை காத்திருக்கக்கூடாது என்பதுதான் எண்ணம்.

ஆனால் கதை அத்தோடு சுபம் ஆகிவிடவில்லை. அந்தச் சமையலறையில் இருவர் சேர்ந்து நிற்க முடியாது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட இடம் இல்லை. குடியிருந்தவர்கள் பலர் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெண்ணை ஒரு பெட்டிக்குள் தனியாக நிறுத்திவிட்டது என்று பிற்காலத்தில் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். ஆக, அலங்காரத்தை ஒட்டுகிறவர்கள் மட்டும் இல்லை, எடுக்கிறவர்களும் சமைக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்திருக்கிறது.

ஒட்டுவது என்று முடிவு செய்தால்...

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் மொட்டைக் கதவைத் தினமும் பார்த்துச் சலித்தவருக்கு இது எதுவும் ஆறுதல் இல்லை. அமெரிக்காவில் 1950, 60-களில் கட்டிய ஒற்றைத்தள வீடுகள் நிறைய. அவற்றின் சமையலறையில் பிளைவுட் கதவுகள். பெட்டிகள் இன்றும் கெட்டியாக இருக்கும், முகம்தான் பழசாகியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டை வாங்கியவர் பெட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போடாமல், மேலே நான்கு பட்டை ஒட்டி இன்னும் 20 வருடம் ஓட்டினால் அது நல்ல காரியம்தானே! பணமும் மிச்சம், மரமும் மிச்சம்.

இந்த வேலையில் பட்டை ஒட்டுவது கடைசிப் பகுதி. சுத்தம் செய்வதுதான் பாதி வேலை. பல வருட எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது, எந்தப் பெயிண்டும் நிற்காது. முதலில் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். பிறகு உப்புத்தாள் போட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். சன்மைக்கா ஒட்டிய கதவாக இருந்தால் வழவழப்பில் பிடிக்கக்கூடிய தனி பிரைமர் வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பது 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடு என்றால் பழைய பெயிண்டைச் சோதிக்காமல் உப்புத்தாள் போடக்கூடாது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். எம்.டி.எஃப். தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை, முகமூடி கட்டாயம்.

அடுத்தது கதவு திறக்குமா என்று பார்ப்பது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 6 மில்லிமீட்டர் பட்டை ஒட்டினால் கதவு 6 மில்லிமீட்டர் தடிக்கும். மூலையில் பக்கத்துக் கதவை இடிக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் பாதிதான் திறக்கும். அலமாரியின் தலைப்பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டால் மேல் கதவு திறக்கவே திறக்காது! அதனால் பசையைத் தொடும் முன்பு, ஒட்டுத்தாளால் பட்டையைத் தற்காலிகமாக ஒட்டி எல்லாக் கதவையும் ஒரு முறை திறந்து மூடிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மூலைகளில் கணக்கு வரும். இரண்டு பட்டைகள் மூலையில் சேர ஒவ்வொன்றையும் 45 டிகிரியில் வெட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். அது சுவர் சரியாக 90 டிகிரியாக இருந்தால். சுவர் 92 டிகிரி என்றால் ஒவ்வொரு பட்டையும் 46 டிகிரி. ஒரு டிகிரிதானே என்று விட்டால் மூலையில் வாய் பிளந்து நிற்கும். அதனால் முதலில் மூலையை அளந்து, பாதியாக்கி, வீணான துண்டில் வெட்டிப் பார்த்த பிறகே நல்ல பட்டையில் கைவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கோணமானியை வைத்துக்கொண்டு 'இது வாழ்க்கையில் எங்கே உதவப்போகிறது' என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்!

கடைசியாக, ஆணி அடித்த துளைகளுக்குப் பட்டி. பட்டைக்கும் கதவுக்கும் இடையில் மயிரிழை அளவு தெரியும் கோட்டுக்குக் காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி நெளியும் பசை. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆறு மாதத்தில் விரிசல் தெரியும். அந்தக் கோடு முழுசாக அடைபடுவது அழகுக்கு மட்டும் இல்லை. அடைக்காமல் விட்டால் அதற்குள் போகும் எண்ணெயும் தண்ணீரும் வெளியே வராது.

ஒரு சின்னக் கணக்கு

எண்ணெய் என்று சொன்னதும்தான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம் வருகிறது.

ஒரு கதவு 40 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறையில் இப்படி 20 கதவுகள். பட்டையின் அகலம் 6 சென்டிமீட்டர். ஒட்டிய பிறகு நடுவில் தெரியும் பள்ளம் 28-க்கு 58 சென்டிமீட்டர். அதன் சுற்றளவு 172 சென்டிமீட்டர். 20 கதவுக்கு 34.4 மீட்டர்!

அதாவது நேற்று வரை இல்லாத 34 மீட்டர் நீள உள்மூலை இன்றைக்குச் சமையலறையில் உருவாகியிருக்கிறது. அதில் கீழ்ப்பட்டையின் மேல்விளிம்பு மட்டும் 28 சென்டிமீட்டர் வீதம் 5.6 மீட்டர். அது வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் ஒரு மிகச் சின்ன அலமாரித் தட்டு. விழுகிற தூசி முழுக்க அதில்தான் உட்காரும்.

வெறும் தூசி என்றால் ஊதிவிடலாம். சமையலறைத் தூசி அப்படி இல்லை. கடுகு வெடிக்கும்போதும், அப்பளம் பொரிக்கும்போதும், மீன் வறுக்கும்போதும் எண்ணெய் மிகச் சின்னத் துளிகளாகக் காற்றில் ஏறுகிறது. போய்க் கதவில் படிகிறது. அங்கே சும்மா இருப்பதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு, கோந்து மாதிரி ஆகிவிடுகிறது. எண்ணெய் வண்ண ஓவியம் காய்வதும் ஏறத்தாழ இதே வேதியியல்தான். அந்தக் கோந்தில் தூசி ஒட்டும். மட்டமான கதவில் ஈரத்துணியை ஒரே இழுப்பாக இழுத்தால் போதும். பள்ளம் வைத்த கதவில் நான்கு மூலையிலும் விரலை நுழைக்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் பழைய பல் துலக்கும் பிரஷ்தான் கதி.

பெரும்பாலும் ஆவியிலும் அடுப்பறைப் பெட்டியிலும் சமைக்கிற வீட்டில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. தினமும் மூன்று வேளை தாளிக்கிற வீட்டில் தெரியும். அமெரிக்காவில் வரைந்த கதவு சென்னைக்கு வரும்போது மாறுவது இதுதான். கதவு அதேதான், அடுப்பு வேறு.

இந்தியாவில் 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டைப் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவழித்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட 5 மணி நேரத்துக்கு எதிராக ஒன்றரை மணி நேரம். கதவில் ஒட்டும் 34 மீட்டர் மூலை இந்த இரண்டு எண்களில் எதில் போய்ச் சேரும் என்பதற்குக் கணக்குப் புலி தேவையில்லை.

தச்சர் வேலை நடக்கும் வீடுகளில் இந்த மாதிரி ஒரு பேச்சு சாதாரணமாகக் காதில் விழும்:

"ப்ளெய்னா விட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்க்கா. சுத்தி ஒரு பீடிங் ஓட்டிடலாம், லுக்கே வேற."

"ஓட்டுறது ஒரு நாள் வேலை தம்பி. துடைக்கிறது தினமும்ல?"

வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று வாட்ஸாப்பில் வந்த படத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். படத்தில் இருக்கும் சமையலறையில் ஒரு எண்ணெய்ச் சட்டிகூட இருக்காது.

அப்படியானால் மொட்டையாகவே விட்டுவிடுவதா?

அப்படியும் முடிவு கட்ட வேண்டியதில்லை. ஒரு நாளில் பல மணி நேரம் ஓர் அறையில் நிற்கிறவருக்கு, அந்த அறை கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட எல்லாரையும்விட அதிக உரிமை இருக்கிறது. துடைக்க வேண்டுமே என்பதற்காக யாரும் வாசலில் கோலம் போடாமல் இருப்பதில்லை. நாளைக்கு அழிந்துவிடும் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். ஆனால் கோலம் போடுகிறவரும், அதற்காகக் காலையில் எழுந்து வாசல் பெருக்குகிறவரும், புள்ளி எத்தனை என்று முடிவு செய்கிறவரும் பெரும்பாலும் ஒருவரேதான். சமையலறை மோல்டிங்கில் அந்த மூன்று பேரும் வேறு வேறு ஆட்களாகிவிடும்போதுதான் சிக்கல்.

நடுவழியும் இருக்கிறது. வேலை இருக்கிற இடத்தில் மோல்டிங் வைக்கலாம். அலமாரியின் தலைக்கும் கூரைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தால், அது ஊரில் உள்ள பிசுக்கு எல்லாம் சேரும் இடம். ஏணி போட்டு ஏறினால்தான் துடைக்க முடியும். அந்த இடைவெளியைப் பலகையால் அடைத்து அதன் மேல் தலைப்பட்டை ஓட்டினால் அழகும் ஆச்சு, துடைக்கும் வேலையும் குறைந்தது. கூரை வரைக்கும் அலமாரி கட்டிய ஷேக்கர்களே தலையாட்டுவார்கள். அலமாரியின் அடியில் விளக்கு வைத்திருந்தால், பல்பு கண்ணைக் கூசாமல் இருக்க ஒரு சின்னப் பட்டை. பிளைவுட் ஓரத்துக்கு பீடிங். இந்த மூன்றும் சோற்றுக்குச் சம்பாதிக்கும் பட்டைகள்.

கதவின் முகத்துக்குப் பட்டை வேண்டும் என்று ஆசை இருந்தால், அடுப்பிலிருந்து தள்ளி இருக்கும் கதவுகளில் ஒட்டலாம். அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும் இருப்பவற்றை மட்டமாகவே விடலாம். பட்டையின் உள்விளிம்பைச் செங்குத்தாக விடாமல் லேசாகச் சரிவாக இழைத்துவிட்டால் துணி தடையில்லாமல் ஓடும். மேட் பெயிண்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் பளபளப்பான பெயிண்ட் போட்டால் பிசுக்கு சீக்கிரம் விடும். பெயிண்டின் நிறத்தை மாற்றி, நல்ல கைப்பிடி நான்கு போட்டாலே பாதி வீடுகளில் பட்டை ஒட்டும் ஆசை தீர்ந்துவிடும் என்பதும் உண்மை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய மலிவான சோதனை ஒன்று உண்டு. 20 கதவுக்கும் பட்டை வாங்க வேண்டாம். இரண்டு மீட்டர் பட்டை மட்டும் வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு கதவில் ஒட்டிப் பெயிண்ட் அடிக்கலாம். ஒரு மாதம் வழக்கம்போல வடை, அப்பளம், மீன் என்று சமையல் நடக்கட்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பட்டை ஒட்டச் சொன்னவர் கையில் துணியைக் கொடுத்து அந்தக் கதவைத் துடைக்கச் சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் மொட்டைக் கதவையும் அவரே துடைக்கட்டும். இரண்டையும் முடித்த பிறகும் அவர் "மீதி 19-க்கும் ஒட்டலாம், ஞாயிற்றுக்கிழமை துடைக்கிறது என் பொறுப்பு" என்று சொன்னால், தாராளமாக ஒட்டலாம்.